காப்பித் தோட்டங்களை அழித்த நோயும் அதன் காரணம் கண்ட அறிஞரும்

மனிதருக்கு நோய் கண்டால் மருத்துவரை நாடுகின்றோம். ஆடு மாடுகளுக்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவரை அழைக்கின்றோம். மரம் செடி கொடிகளும் உயிருள்ளவையே. அவற்றையும் நோய் பற்றுகின்றது, நலியச் செய்கின்றது, சில வேளைகளில் கூட்டங்கூட்டமாக அழித்தும் விடுகின்றது. பயிர்களின் நோயை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர்கள் பலர் உலகில் தோன்றியுள்ளனர். அவர்களுள் ஒருவரே ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர்.

இவருடைய வரலாற்றை நம் தோட்ட மக்கள் அறிந்துகொள்வதில் தனிப்பயன் உண்டு. இவர் ஆராய்ந்தது இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த நோய். அத்தோட்டங்களில் உழைத்தவர்களோ தமிழ்நாட்டிலிருந்து சென்ற தமிழர்கள். அந்த நோய் உலகிற்குக் கற்பித்த பாடம் இன்று நம் ரப்பர் மரத்திற்கும் பொருந்துவதாகும்.

காப்பி விளைந்த மலைநாடு

இலங்கை என்றதும் இன்று நம் நினைவிற்கு வருவது தேயிலை. ஆனால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டின் மலைகளை மூடியிருந்தது காப்பிச் செடியே. கண்டியைச் சூழ்ந்த காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. மலைச் சரிவெங்கும் காப்பி நடப்பட்டது. 1870-ஆம் ஆண்டுவாக்கில் ஓராண்டில் 10 கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட காப்பி அங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. 1878-ஆம் ஆண்டில் காப்பி பயிரிடப்பட்ட நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கர்.

இவ்வளவு பெரிய தொழிலைத் தாங்கிய தோள்கள் நம்மவருடையவை. காப்பிப்பழம் பறிக்கும் பருவத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். பறிப்பு முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்புவதே அக்கால வழக்கம்.

இலையில் தோன்றிய பொட்டு

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் சில காப்பிச் செடிகளின் இலைகளில் மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் இரும்புத்துரு போன்ற செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்திற்கு அனுப்பினார். அங்குக் காளானியல் அறிஞர் பெர்க்லி அவற்றை ஆராய்ந்து, இது அதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சணம் என்றார். அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரும் இடப்பட்டது. பெயரின் பின்பகுதிக்கு 'பாழ்படுத்துவது' என்பது பொருள். அப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் காலம் காட்டியது.

பூஞ்சணம் என்பது காளான் இனத்தைச் சேர்ந்தது. பச்சை நிறம் இல்லாமையால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உளுத்த மரத்திலோ, உயிருள்ள செடியிலோ ஒட்டி அதன் சத்தை உறிஞ்சியே வாழ்கின்றது. அதற்கு விதை இல்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வித்துத்தூளால் அது பெருகுகின்றது.

முதலில் தோட்ட முதலாளிகள் இதைப் பெரிதாகக் கருதவில்லை. இலை உதிர்ந்தாலும் செடி உடனே பட்டுப்போவதில்லை, மீண்டும் தளிர்த்தது. மேலும் அப்போது காப்பியின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தபோது, விலை அக்குறையை மறைத்தது. எனவே புதிய காடுகளை வெட்டி மேலும் மேலும் காப்பியையே நட்டனர். செடியோ ஆண்டுதோறும் இலையிழந்து, வலுவிழந்து, காய்ப்புக் குன்றிற்று. மண்ணின் சத்துக் குறைந்துவிட்டது என்றார் சிலர். பருவமழை பிழைத்தது என்றார் சிலர். கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவிப் பார்த்தனர். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தார். ஆயினும் நோயின் மூலத்தை ஒருவரும் முழுமையாக அறிந்திலர். மூலத்தை அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறியன்றோ? அப்பணிக்காகவே இலங்கை அரசாங்கம் ஓர் இளைஞரை வரவழைத்தது.

வார்டின் இளமை

ஹாரி மார்ஷல் வார்டு 1854-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் இசைக் கலைஞர். குடும்பத்தில் செல்வம் இல்லை. எனவே பதினான்காம் வயதிலேயே பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும் கற்கும் வேட்கை அவரை விட்டு விலகவில்லை. மாலை வகுப்புகளில் சேர்ந்து பயின்றார். பின்னர் இலண்டனில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி நடத்திய பயிற்சியில் சேர்ந்து, உருப்பெருக்கியைக் கையாளக் கற்றார். உடன் பயின்ற நண்பர் ஒருவரின் பொருளுதவி துணைசெய்ய, 1876-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னர்ச் செருமனி சென்று சாக்ஸ் என்னும் பேரறிஞரிடமும் சிறிது காலம் பயின்றார்.

பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுவிட்டால் வாழ்வே நின்றுவிட்டது என்று எண்ணும் இளைஞர்கள் நம் தோட்டங்களிலும் உள்ளனர். மாலை வகுப்பில் தொடங்கிய இவர் பின்னாளில் கேம்பிரிட்ஜிலேயே பேராசிரியரானார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் இரண்டாண்டுகள்

1880-ஆம் ஆண்டில் வார்டு இலங்கை வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இரண்டாண்டுக் காலம் தோட்டந்தோறும் சுற்றியும், பேராதனையில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்தும் ஆராய்ந்தார். பிறர் கூறுவதைக் கேட்டு முடிவு செய்யாமல், ஒவ்வொன்றையும் சோதனையால் மெய்ப்பித்தார். அவர் வழியைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவதாக, வித்துத்தூள் முளைப்பது எப்படி என்று பார்த்தார். காய்ந்த இலையின்மேல் அது முளைக்கவில்லை. நீர்த்துளியில் இட்டபோது ஒருநாட் பொழுதிற்குள் முளைத்து, நூலினும் மெல்லிய குழல் ஒன்றை நீட்டிற்று. பனியும் மழையும் நோய்க்குத் துணை என்பது இதனால் விளங்கியது.

இரண்டாவதாக, அக்குழல் எங்குச் செல்கின்றது என்று பார்த்தார். நாம் மூக்கால் மூச்சு விடுவதுபோல் இலைகளும் நுண்துளைகளால் மூச்சு விடுகின்றன. காப்பி இலையில் இத்துளைகள் அடிப்பக்கத்தில் உள்ளன. முளைத்த குழல் இத்துளை வழியே இலைக்குள் நுழைந்தது. உள்ளே கிளைத்துப் படர்ந்து, இலையின் சத்தை உறிஞ்சிற்று.

மூன்றாவதாக, நலமுள்ள செடிகளின் இலைகளில் தாமே குறியிட்டு, குறியிட்ட இடத்தில் மட்டும் வித்துத்தூளை வைத்தார். சில வாரங்களில் அதே இடத்தில் மஞ்சள் பொட்டுத் தோன்றியது. பொட்டின் அடியில் செம்மஞ்சள் தூள் வெளிவந்தது. மண்ணும் மழையும் காரணமாயிருந்தால் குறியிட்ட இடத்தில் மட்டும் நோய் தோன்றுவானேன்? பூஞ்சணமே காரணம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

நான்காவதாக, நோய் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் போவது எவ்வாறு என்று ஆராய்ந்தார். பசை போன்ற நீர்மம் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்தார். பின்னர் அவற்றை உருப்பெருக்கியில் பார்த்தபோது, காற்றில் வந்த வித்துத்தூள் அவற்றில் ஒட்டியிருந்தது. இலையிலுள்ள பொட்டுகளிலிருந்து தூள் இலட்சக்கணக்கில் எழுகின்றது. இடையில் காடோ வேறு மரமோ இல்லாமல், மலைக்கு மலை காப்பியாகவே இருந்தமையால், காற்று அதைத் தடையின்றிக் கொண்டு சென்றது.

கசப்பான உண்மை

தோட்ட முதலாளிகள் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. தெளித்தவுடன் நோய் நீங்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். வார்டு அளித்ததோ உண்மை. பூஞ்சணம் இலையின் உள்ளே இருக்கின்றது. வெளியில் தூவும் மருந்து உள்ளே புகுந்து அதைக் கொல்லாது. இலையைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்ல வழியில்லை. வித்துத்தூள் முளைத்து உட்புகும் முன்னரே இலையைக் காத்தால்தான் பயனுண்டு என்று தம் அறிக்கைகளில் எழுதினார். காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை வளர்க்கலாம் என்றும், பெருநிலப்பரப்பில் ஒரே பயிரை இடைவெளியின்றி நடுவது நோய்க்கு விருந்து வைப்பதாகும் என்றும் எடுத்துரைத்தார்.

இது பலருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. ஆனால் வார்டு இல்லாத மருந்தை இருப்பதாகக் கூறி எவரையும் மகிழ்விக்க முற்படவில்லை. 1882-ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார்.

வியப்பு என்னவெனில், அதே 1882-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மில்லார்டே என்னும் அறிஞர், துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கப்பட்ட திராட்சைக் கொடிகளில் இலைநோய் இல்லாதிருப்பதைக் கண்டார். 1885-இல் அக்கலவையின் செய்முறையை வெளியிட்டார். போர்தோ கலவை என்று இன்றும் வழங்குவது அதுவே. பூஞ்சணம் உட்புகும் முன்னர் இலைமேல் காவலாக நிற்பதே அதன் வேலை. பிற்காலத்தில் காப்பியின் துருநோயைத் தடுக்கவும் செம்பு கலந்த மருந்துகள் பயன்பட்டன. ஆகவே வார்டு கூறிய நெறி சரியானதே. இலங்கைக் காப்பியைக் காக்கும் காலத்தில் அதற்கேற்ற மருந்து கைக்கு வரவில்லை.

வீழ்ச்சியும் மாற்றமும்

1880-களில் காப்பித் தொழில் சரிந்தது. இருபதாண்டுகளில் ஏற்றுமதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் மூடப்பட்டது. முதலாளிகள் பலர் சொத்திழந்தனர். அவர்களுடைய இழப்பு ஏடுகளில் எழுதப்பட்டுள்ளது. ஆனால், வேலையிழந்து வந்த வழியே வெறுங்கையுடன் நடந்து திரும்பிய தொழிலாளரின் கதையை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. இலையில் தோன்றிய சிறு பொட்டு, கடல் கடந்த சிற்றூரில் அடுப்பு எரியாமற் செய்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பட்ட காப்பியைப் பிடுங்கிய இடத்தில் தேயிலை வந்தது. கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-லேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அதைப் பின்பற்றி, 1890-களில் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கருக்கும் மேல் பரவிற்று. காப்பியைப் போலன்றித் தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் பருவத்திற்கு வந்து போன தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கினர். இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைத் திருப்பிய காரணங்களுள் இப்பூஞ்சணமும் ஒன்று எனலாம்.

அந்த அலை மலாயாவையும் தொட்டது. இலங்கையில் தொழில் இழந்த காப்பித் தோட்டக்காரர் சிலர் மலாயா வந்து காப்பி நட்டனர். விலை வீழ்ந்ததும் ரப்பருக்கு மாறினர். காப்பிக் காலத்தில் இலங்கையில் வேரூன்றிய கங்காணி முறை பின்னர் இங்கும் வழக்கிற்கு வந்தது.

பிற்காலப் பணிகள்

தாயகம் திரும்பிய வார்டு ஓய்ந்திருக்கவில்லை. மான்செஸ்டரில் பணியாற்றிய பின், 1885-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியக் காடுகளில் பணியாற்றச் செல்லும் அதிகாரிகளுக்குப் பத்தாண்டுகள் அங்குப் பாடம் சொன்னார். 1888-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1889-இல் மரங்களின் நோய்களைப் பற்றியும், 1901-இல் பயிர்நோய்களைப் பற்றிப் பொதுவாகவும் நூல்கள் வெளியிட்டார். 1895-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். அவர் முயற்சியால் எழுந்த புதிய தாவரவியல் கூடத்தை 1904-இல் ஏழாம் எட்வர்டு மன்னர் திறந்து வைத்தார்.

அவர் ஆராய்ச்சிகளுள் இரண்டு நமக்கு நெருங்கியவை. இளம் ரப்பர் வரிசைகளுக்கிடையே அவரை இனத்து மூடுபயிர் வளர்ப்பதை அறிவோம். அவற்றின் வேரிலுள்ள சிறு முடிச்சுகள் காற்றிலுள்ள சத்தைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர் வேர்மயிர் வழியே புகுவதால்தான் அம்முடிச்சுகள் உண்டாகின்றன என்று 1887-இல் காட்டியவர்களுள் வார்டு முக்கியமானவர்.

இரண்டாவது, ஒருவகைப் புல்லைத் தாக்கும் துருநோய் அதன் உறவுப் புல்லைத் தாக்காதிருப்பது ஏன் என்னும் ஆராய்ச்சி. இலையின் தடிப்போ துளைகளின் எண்ணிக்கையோ காரணமன்று. உயிருள்ள இலையின் உள்ளியல்பே காரணம் என்று அவர் கண்டார். அவரிடம் பணியாற்றிய பிஃபன், நோயைத் தாங்கும் ஆற்றல் கோதுமையில் தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றது என்று 1905-இல் மெய்ப்பித்தார். இன்று நோய் தாங்கும் ஒட்டுரப்பர் இனங்களைத் தேர்ந்து நடுவதற்கும் இக்கருத்தே அடிப்படை.

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் வார்டு காலமானார். அவர் மகன் ஃபிராங்க் கிங்டன் வார்டு, இமயமலைச் சாரல்களில் அரிய செடிகளைத் தேடிய ஆராய்ச்சிப் பயணியாகப் பின்னர்ப் புகழ் பெற்றார்.

ரப்பருக்கு வந்த சோதனை

வார்டின் எச்சரிக்கை காப்பியோடு முடியவில்லை. ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கு அதன் இளந்தளிரைக் கருக்கும் பூஞ்சண நோய் ஒன்று உண்டு. தென் அமெரிக்க இலைக்கருகல் என்பது அதன் பெயர். காட்டில் ரப்பர் மரங்கள் தனித்தனியே சிதறி நிற்பதால் அந்நோய் பெருகுவதில்லை. மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு, பிரேசிலில் 1928 முதல் பெருந்தோட்டம் அமைத்தார். மரங்கள் கிளை கோக்குமளவிற்கு வளர்ந்ததும் நோய் மரத்திற்கு மரம் தாவிற்று. 1934-இல் வேறிடத்தில் மீண்டும் முயன்றும் பயனில்லை. 1945-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. இலங்கையில் நடந்ததே பிரேசிலிலும் நடந்தது.

அந்நோய் இன்றுவரை நம் பகுதிக்குள் நுழைந்ததாக அறியப்படவில்லை. அதைத் தடுப்பதற்கென்றே 1956-இல் இவ்வட்டார நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் தனி விதி சேர்க்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ மண்ணோ அனுமதியின்றிக் கொண்டு வருவது ஏன் குற்றம் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் நம் தோட்டங்களிலும் நோய்கள் இல்லாமலில்லை. வெள்ளைவேர் நோய் பழைய கட்டைகளில் தங்கி, வேர் வழியே அடுத்த மரத்திற்குச் செல்கின்றது. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் அழுகல் காண்கின்றது. 2016 முதல் இந்தோனேசியாவிலும் அதையடுத்து மலேசியாவிலும் புதியதோர் இலையுதிர்வு நோய் பரவி விளைச்சலைக் குறைத்துள்ளது. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இவற்றை ஆராய்ந்து வருகின்றது.

நாம் செய்யத்தக்கவை

அறிஞர் ஆண்டிற்கு ஒருமுறை தோட்டம் காண வரலாம். மரத்தை நாள்தோறும் காண்பவர் பால்மரம் வெட்டுபவரே. ஆகவே கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்வது நலம்.

1. தம் நிரையிலுள்ள ஒரு மரத்தின் இலைகள் மட்டும் பருவமின்றி மஞ்சளித்தால், அடிமரத்து மண்ணைச் சற்று விலக்கிப் பார்த்தல் வேண்டும். வேரில் வெள்ளை நூல்கள் ஒட்டிப் படர்ந்திருந்தால் அது வெள்ளைவேர் நோயாகலாம். அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவித்தல் வேண்டும்.

2. மறுநடவின்போது பழைய கட்டைகளையும் வேர்களையும் மண்ணில் விட்டுவைத்தல் கூடாது.

3. வெட்டுப்பட்டையில் கறுத்த கோடோ சாம்பல் நிறப் பூஞ்சணமோ கண்டால், அம்மரத்தை வெட்டிய உளியை மருந்து நீரில் துடைத்த பின்னரே அடுத்த மரத்தைத் தொடுதல் வேண்டும்.

4. மருந்து பூசுவதும் தெளிப்பதும் நோய் முற்றிய பின்னர்ச் செய்யும் வேலையன்று. வருமுன் காக்கும் வேலை. குறித்த நாளில் செய்தலே சிறப்பு. கையுறையும் முகமூடியும் அணிதல் இன்றியமையாதது.

5. வீட்டுத் தோட்டத்திலும் சிறு நிலத்திலும் ஒரே பயிரை நம்பாது, வாழை, காய்கறி போன்றவற்றையும் கலந்து பயிரிடலாம். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

மடுல்சீமையில் அந்த முதற்பொட்டைக் கண்ட கண்கள் எவருடையவை என்பது வரலாற்றில் இல்லை. நாள்தோறும் செடியைத் தொட்டு வேலை செய்த ஒருவர் முதலில் கண்டிருக்கவும் கூடும். கண்டது உடனே சொல்லப்பட்டு, சொன்னது மதிக்கப்பட்டு, ஆராய்ச்சி பதினோராண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருந்தால் இழப்பு ஓரளவேனும் குறைந்திருக்கலாம். ஆகவே நாம் காண்பதை உடனே சொல்வோமாக. சொல்வதைக் கேட்பவரும் மதிப்பாராக.

பயிற்சி வினாக்கள்

1. காப்பி இலைநோய்க்குப் பூஞ்சணமே காரணம் என்பதை வார்டு எந்தச் சோதனையால் நிலைநாட்டினார்?

2. நோய் முற்றிய பின் மருந்து தூவியதால் பயனில்லாமற் போனது ஏன்?

3. காட்டிலுள்ள ரப்பர் மரத்தைவிடத் தோட்டத்திலுள்ள மரத்திற்கு நோய் விரைவில் பரவக் காரணம் யாது?

4. உங்கள் நிரையில் ஒரு மரம் பருவமின்றி மஞ்சளித்தால் நீங்கள் செய்யத்தக்கது என்ன?